குற்றப்பத்திரிகைக்குப் பின் கெடு இல்லை

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும் என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சினிமா செய்த புண்ணியம். அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. ஆனால் அந்த நடுவர் ரிமாண்ட் உத்தரவில் கையெழுத்துப் போட்ட பிறகு, வழக்கு நடக்காமலேயே ஒருவரை எத்தனை நாள் உள்ளே வைத்திருக்கலாம் என்று கேட்டால் வக்கீல்களே கொஞ்சம் நிதானிப்பார்கள். “என்ன செக்‌ஷன்?” என்பார்கள். அடுத்து, “சார்ஜ் ஷீட் போட்டாச்சா?” என்பார்கள். இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். போலீஸ் தன் புலன் விசாரணையை முடிக்க இந்தியச் சட்டம் நாள் குறித்திருக்கிறது. நீதிமன்றம் வழக்கை முடிக்க நாள் குறிக்கவில்லை. சில இடங்களில் குறித்தும், தவறினால் என்ன ஆகும் என்று சொல்லாமல் விட்டிருக்கிறது.

முதலில் போலீசின் கெடுவைப் பார்ப்போம். வெள்ளைக்காரன் காலத்து 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம், புலன் விசாரணைக்காக ஒருவரை மொத்தமே 15 நாள்தான் காவலில் வைக்கலாம் என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பதினைந்து நாளில் எந்தக் கொலை வழக்கை முடிப்பது? போலீஸ் அரைகுறை அறிக்கை ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டு, வழக்கை ஒத்திவைப்பதற்கென்று இருந்த வேறொரு பிரிவைக் காட்டி ரிமாண்டை நீட்டிக்கொண்டே போனது. நடைமுறைக்கு ஒவ்வாத கெடு, கெடுவே இல்லாத நிலையை உண்டாக்கியது. சட்ட ஆணையம் 1969-இல் தந்த 41-ஆவது அறிக்கை இந்த முறைகேட்டைச் சுட்டிக்காட்டியது. 1973-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 60 நாள் என்று வைத்தது. 1978-இல் அதையும் திருத்தி, மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள் என்று பிரித்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவிலும் இதே 60, 90 தொடர்கின்றன. பழைய 167 என்று சொன்னால்தான் நீதிமன்ற வளாகத்தில் சட்டென்று புரியும்.

அந்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. குற்றம் எவ்வளவு கொடியது, சாட்சியம் எவ்வளவு வலுவானது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வக்கீல்கள் இதை ‘மேண்டேட்டரி பெயில்’ என்பார்கள். இது நடைமுறைச் சட்டம் போடும் பிச்சை அல்ல, 21-ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் விக்ரம்ஜித் சிங் வழக்கில் உறுதிப்படுத்தியது. ஆனால் உரிமை தானாக வந்து கதவைத் திறக்காது. கெடு முடிந்ததும், குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்னால், மனுப் போட்டாக வேண்டும். ஒரு நாள் அசந்தால் போயிற்று. அதனால்தான் 59-ஆம் நாளிலும் 89-ஆம் நாளிலும் காவல் நிலையங்களுக்கு அப்படியொரு சுறுசுறுப்பு பிறக்கிறது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ணுவதா, மறுநாளிலிருந்து எண்ணுவதா என்பதே பல ஆண்டு வழக்கானது. சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு 2023 மார்ச்சில் முடிவு சொன்னது. ஒரே ஒரு நாளுக்கு இவ்வளவா என்று கேட்பவர் சிறைக்குள் ஒரு நாள் இருந்து பார்த்தவராக இருக்க முடியாது.

இந்த உரிமைக்குப் பெரிய சோதனை கொரோனா காலத்தில் மதுரையிலிருந்து வந்தது. ஊரடங்கை முன்னிட்டு எல்லா வழக்குகளுக்கும் காலவரம்பை நீட்டி உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் உத்தரவிட்டிருந்தது. அப்படியானால் குற்றப்பத்திரிகைக்கான கெடுவும் நீண்டுவிட்டதா? சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இரண்டு கருத்து. நீளாது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஜாமீன் தந்தார். சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் இன்னொரு நீதிபதி, நீளும் என்றார். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் முதல் கருத்தே சரி என்றது. நெருக்கடி நிலையைக்கூட அறிவிக்காமல், ஒரு ஊரடங்கைக் காட்டி ஆள் சுதந்திரத்தைச் சுருக்க முடியாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கில், இவ்வகை ஜாமீனுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று விதித்த நிபந்தனை ரத்தானது. தானாகக் கனியும் உரிமைக்கு விலை வைக்கக் கூடாது.

புதிய சட்டம் இந்தப் பகுதியில் ஒரு கைவரிசை காட்டியிருக்கிறது. போலீஸ் கஸ்டடி 15 நாளுக்கு மேல் கிடையாது என்பதும், அதுவும் கைதான முதல் 15 நாளுக்குள்ளேயே எடுக்க வேண்டும் என்பதும் 1992-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து நிலைத்த விதி. இப்போது அந்த 15 நாளைத் துண்டு துண்டாக, முதல் 40 அல்லது 60 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். மொத்த நாள் கூடவில்லை என்று அரசு சொல்வது உண்மைதான். சிறைக்குப் போய் ஒரு மாதம் கழித்தும் மறுபடி காவல் நிலையத்துக்கு இழுக்கப்படலாம் என்ற அச்சம் கூடியிருக்கிறது என்பதும் உண்மைதான்.

குற்றப்பத்திரிகை தாக்கலானதும் இந்தக் கடிகாரம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதை வெளியில் இருப்பவர்கள் அதிகம் அறிவதில்லை. செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய வழக்கு என்றால் நடுவர் முதலில் அதைப் பூர்வாங்க வழக்காகப் பதிந்து பி.ஆர்.சி. எண் கொடுப்பார். குற்றம் சாட்டப்பட்ட எதிரிகள் எல்லாருக்கும் ஆவண நகல் தர வேண்டும். ஏழு பேரில் ஒருவர் தலைமறைவு என்றால் பிடிவாரண்ட், தேடல், பிறகு அவர் வழக்கைத் தனியாகப் பிரித்தல். அதன் பின்னர்தான் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு வழக்கு ஏறும். அங்கே குற்றச்சாட்டுப் பதிவு. தடய அறிவியல் அறிக்கை வந்திருக்காது. புலன் விசாரணை அதிகாரி வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகியிருப்பார். அரசு வக்கீல் பதவியோ நீதிபதி பதவியோ காலியாக இருக்கும். கைதியைக் கூட்டிவர வழிக்காவல் போலீஸ் இருக்காது. வக்கீல்கள் நீதிமன்றப் புறக்கணிப்பில் இருக்கும் நாள்களையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஒவ்வொரு வாய்தாவிலும் ரிமாண்ட் நீளும். ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் நீட்டக் கூடாது என்று சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. எத்தனை தடவை என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் காணொலித் திரையில் கைதியின் முகம் தெரிந்தால் போதும், அடுத்த தேதி விழுந்துவிடும்.

வரம்பு கட்ட யாருமே முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1979-இல் நடந்தது இந்தியச் சட்ட வரலாற்றில் ஒரு திருப்பம். தேசிய போலீஸ் ஆணையத்தின் உறுப்பினராக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி, பிகார் சிறைகளில் வழக்கு நடக்காமல் கிடப்பவர்களைப் பற்றி நாளிதழில் எழுதினார். அதை வைத்து வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். அதுதான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் நிரூபணமானாலும் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையை விட அதிக காலம் உள்ளே இருந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். விரைவான விசாரணை 21-ஆவது பிரிவுக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று நீதிபதி பி.என். பகவதி எழுதினார். அதன் விளைவாக விடுதலையானவர்கள் ஏறத்தாழ 40,000 பேர் என்று சொல்லப்படுகிறது.

உரிமை என்றாகிவிட்டது, சரி, எவ்வளவு காலம் போனால் அது மீறப்பட்டதாகும்? 1992-இல் அந்துலே வழக்கில் ஐந்து நீதிபதிகள் நிலையான எல்லை கட்ட முடியாது, வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்றார்கள். 1996-இலும் 1998-இலும் சிறிய அமர்வுகள் துணிந்து ஆண்டுக் கணக்கு வகுத்தன. 2002-இல் ராமச்சந்திர ராவ் வழக்கில் ஏழு நீதிபதிகள் கூடி, அப்படி வரம்பு போடுவது சட்டமியற்றும் வேலை, நீதிமன்றத்தின் வேலையல்ல என்று அவற்றைத் தள்ளிவிட்டார்கள். கொள்கை அளவில் அதில் குறை காண்பது கடினம். ஆனால் பந்து நாடாளுமன்றத்தின் பக்கம் போய் இருபது ஆண்டுக்கு மேலாகிறது.

நாடாளுமன்றம் செய்தது கொஞ்சம். 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 436ஏ பிரிவு வந்தது: அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். முந்தைய தண்டனை எதுவும் இல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கே போதும் என்று புதிய சட்டத்தின் 479-ஆவது பிரிவு தளர்த்தியது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தெளிவாக்கியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்ட இடங்களும் உண்டு. பழைய பிரிவு மரண தண்டனைக் குற்றங்களை மட்டும் விலக்கியிருந்தது; புதியது ஆயுள் தண்டனைக் குற்றங்களையும் விலக்குகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகையே கிடையாது. நம் ஊர்த் திருட்டு வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஒருவர் பிடிபட்டால் அந்தச் சரகத்தில் துப்புத் துலங்காத நாலு வழக்கும் அவர் தலையில் ஏறும். உள்ளே இருப்பவரையே, சிறையிலிருந்து வரவழைக்கும் பி.டி. வாரண்டில் அடுத்தடுத்த வழக்கில் கைது காட்டுவார்கள். யாருக்காக இந்தப் பிரிவு எழுதப்பட்டதோ அவரே அதற்கு வெளியே நிற்கிறார்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் ஒரு தனிக் கூட்டம். 1978-இல் மோதி ராம் வழக்கு. அவர் ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தார் கேட்டது. சகோதரர் முன்வந்தபோது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை 1,000 ரூபாய் சொந்தப் பிணையாகக் குறைத்தார். தமிழரோ மலையாளியோ வடக்கே தொலைதூர ஊரில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாருக்கு எங்கே போவார் என்று தீர்ப்பில் கேட்டார். இன்று அந்தக் கேள்வி திசை மாறி திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் நிற்கிறது. ஒடிசா, பிகாரிலிருந்து வந்த தொழிலாளிக்கு ரத்த உறவு ஒருவர், உள்ளூர்க்காரர் ஒருவர் என இருநபர் ஜாமீனும் சொத்து மதிப்புச் சான்றும் எங்கிருந்து வரும்? ஜாமீன் உத்தரவாகி ஒரு வாரத்தில் கைதி வெளிவராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சிறையிலிருந்து தகவல் போக வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் கட்ட இயலாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை ஒன்றிய அரசு உதவும் திட்டமும் அதே ஆண்டு வந்தது.

எண்களில் பார்த்தால்: தேசியக் குற்றப் பதிவுக் கூடத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பங்கு. ஐந்து ஆண்டுக்கு மேலாக அப்படியே இருந்தவர்கள் 11,448 பேர்.

சிறப்புச் சட்டங்களில் நிலைமை தலைகீழ். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவில் குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் வரை அவகாசம். போதைப்பொருள் சட்டத்தின் கடும் குற்றங்களில் அதை ஓராண்டு வரை நீட்டலாம். உபாவின் 43டி(5) பிரிவு, மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் சேர்த்தது, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் மறுக்கச் சொல்கிறது. அந்தக் கட்டத்தில் சாட்சியங்களை ஆழமாக அலசக் கூடாது என்று 2019-இல் வட்டாலி வழக்குத் தீர்ப்பு வேறு. குறுக்கு விசாரணை நடக்காத சாட்சியத்தை உண்மை என்று வைத்துக்கொண்டு ஆளை உள்ளே வைப்பதும், குறுக்கு விசாரணை நடப்பதற்கு ஆண்டுக் கணக்கில் காக்க வைப்பதும் சேர்ந்தால் அது வேறு பெயரில் தண்டனையேதான். 2021 பிப்ரவரியில் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சாளரம் திறந்தது: ஐந்து ஆண்டுக்கு மேல் ஒருவர் உள்ளே இருந்து, இன்னும் 276 சாட்சிகள் பாக்கி என்றால், உபாவின் தடையையும் மீறி அரசமைப்பு நீதிமன்றம் ஜாமீன் தரலாம். அந்தச் சாளரம் எல்லாருக்கும் ஒரே அளவில் திறப்பதில்லை. 2020 செப்டம்பரில் டெல்லி கலவர வழக்கில் கைதான உமர் காலித்துக்கு ஐந்து ஆண்டு கடந்தும் சாட்சி விசாரணை தொடங்கவில்லை.

ஸ்டேன் சுவாமிக்கு நஜீப் தீர்ப்பு எட்டவே இல்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த அந்த இயேசு சபைத் துறவி, ஜார்க்கண்டில் மாவோயிஸ்ட் என்று குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக் கைதிகளாகக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக ராஞ்சி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர். 2020 அக்டோபர் 8 அன்று எல்கார் பரிஷத் வழக்கில் அவரே கைதானார். பார்க்கின்சன் நோயால் நடுங்கும் கைக்கு உறிஞ்சு குவளை கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் மீது குற்றச்சாட்டுப் பதிவுகூட நடந்திருக்கவில்லை.

கோவைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1998 குண்டுவெடிப்பு வழக்கில் கைதான கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி ஒன்பதரை ஆண்டு கோவை மத்திய சிறையில் ஜாமீன் இல்லாமல் இருந்தார். 2007 ஆகஸ்ட் 1 அன்று நிரபராதி என்று விடுதலை. தண்டனை பெற்றிருந்தால் அந்த ஒன்பதரை ஆண்டைத் தண்டனையில் கழித்துக்கொண்டிருப்பார்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. விடுதலையானவருக்குக் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. தவறாக வழக்கில் சிக்கியவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையத்தின் 277-ஆவது அறிக்கை 2018-இல் சொன்னது, சொன்னதோடு நிற்கிறது.

பணமோசடித் தடுப்புச் சட்டத்திலும் இதே கதைதான். அங்கே மாட்டுபவர்கள் பெரிய இடத்துக்காரர்கள் என்பதால் தீர்ப்புகள் வேகமாகப் பிறக்கின்றன. தமிழ்நாட்டு அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி 2023 ஜூனில் கைதாகி 15 மாதம் கழித்து ஜாமீனில் வந்தார். மூல வழக்குகளில் 2,000 பேருக்கு மேல் எதிரிகள், 600-க்கு மேல் சாட்சிகள். எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத வழக்குக்காக ஒருவரைச் சிறையில் வைத்திருக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். வெளியே வந்த சில நாளில் மறுபடி அமைச்சரானது நீதிமன்றத்துக்கு ரசிக்கவில்லை என்பது வேறு விஷயம். புழல் சிறையில் இருக்கும் பெயர் தெரியாத ஒருவரின் வக்கீலும் இன்று அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டலாம்.

இவை எதுவும் தேவைப்படாத குறுக்கு வழி ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது: குண்டாஸ். 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். ஜாமீன் கிடைக்கும் நேரம் பார்த்துக் காவல் ஆணையரோ மாவட்ட ஆட்சியரோ தடுப்புக் காவல் ஆணை போட்டால் 12 மாதம் வரை விசாரணையே வேண்டாம். தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தேசியப் பட்டியலின் உச்சியில் நாம் நிற்பது இதனால்தான். மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், தமிழாக்க நகல் தரவில்லை என்பது போன்ற காரணங்களால் உயர் நீதிமன்றம் இத்தகைய ஆணைகளை ஏராளமாக ரத்து செய்கிறது. ஆனால் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் பல மாதம் ஓடியிருக்கும். அதுதான் வேண்டியிருந்தது என்றால், ஆணை ரத்தாவது பற்றி அதைப் போட்டவருக்கு என்ன கவலை?

சாத்தான்குளம் வழக்கைச் சொல்லாமல் தமிழில் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2020 ஜூனில் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தை ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் ரிமாண்ட் செய்து கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள்; சில நாளில் இருவரும் இறந்தார்கள். ரிமாண்ட் என்பது கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை என்பது அதன் பிறகு எல்லாருக்கும் உறைத்தது. அந்த வழக்கில் கைதான போலீஸ்காரர்களின் விசாரணை ஐந்து ஆண்டைத் தாண்டி நீண்டது. அவ்வளவு காலமும் அவர்களும் விசாரணைக் கைதிகளே. அவர்கள்மேல் யாருக்கும் இரக்கம் வராது. ஆனால் கெடு இல்லாத விசாரணையால் அதிகம் வதைபட்டது, தீர்ப்புக்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் காத்திருந்த ஜெயராஜின் குடும்பம்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? இங்கிலாந்தில் கிரவுன் நீதிமன்ற வழக்குகளுக்கு 182 நாள். அதற்குள் விசாரணை தொடங்காவிட்டால் காரணம் காட்டி நீட்டிப்பு வாங்க வேண்டும், இல்லையேல் ஜாமீன். ஜெர்மனியில் ஆறு மாதம் தாண்டினால் மேல் நீதிமன்றம் தானே எடுத்துப் பார்த்தாக வேண்டும். இலங்கை எதிர்த் திசையில் போனது. 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம் தடுத்து வைக்க விட்டது. பிறகு வழக்கு முடியும்வரை விளக்கமறியல். தமிழ் அரசியல் கைதிகள் பலரின் இளமை அதில் போயிற்று. 2022 திருத்தம் 18-ஐ 12 ஆக்கியது.

நம்மிடமே ஒரு விதை இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. நடுவர் விசாரிக்கும் ஜாமீனில் விட முடியாத வழக்குகளில், சாட்சி விசாரணைக்கு முதலில் குறித்த நாளிலிருந்து 60 நாளில் வழக்கு முடியாவிட்டால், காவலில் இருப்பவரை விட வேண்டும். விடாவிட்டால் காரணம் எழுத வேண்டும். பழைய 437(6), இன்றைய 480(6). இதை ஏன் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு நீட்டக் கூடாது? 60 நாள் வேண்டாம், ஓராண்டு என்று வையுங்கள். அதற்கு மேல் வைத்திருக்க உயர் நீதிமன்றம்தான் காரணம் எழுத வேண்டும் என்று வையுங்கள். ரவுடிகள் வெளியே வந்து சாட்சியை மிரட்டுவார்கள் என்பது வெற்று வாதம் அல்ல. அதற்காகத்தான் 2018-இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஊருக்குள் நுழையத் தடை போடும் அதிகாரமும் இருக்கிறது. மிரட்டலுக்கு ஆதாரம் இருந்தால் ஜாமீனை ரத்து செய்யலாம். புதிய சட்டம் குற்றச்சாட்டுப் பதிவை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது, தவறினால் என்ன என்று சொல்லவில்லை. விளைவு எழுதாத கெடுவை எந்த நீதிமன்ற ஊழியரும் நாள்காட்டியில் குறித்துவைக்கப் போவதில்லை.

அதுவரை உள்ளே ஆள் இருக்கும் குடும்பம் செய்யக்கூடியது சில உண்டு. முதல் ரிமாண்ட் தேதியை எழுதி வைத்து, 60-ஆம் நாளா 90-ஆம் நாளா என்று வக்கீலிடம் கேட்டு, அன்றே மனு தயாராக இருக்கச் செய்யலாம். தண்டனையில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ கழிந்திருந்தால், நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது 479(3)-இன்படி சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. அவருக்கு ஒரு கடிதம் போட்டு நினைவூட்டலாம். வக்கீல் வைக்க வழியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண் இருக்கிறது. இலவச வக்கீல் கேட்பது கைதியின் உரிமை.